வரவேற்புக்கு ஷெர்வானியா, வேட்டியா?

கல்யாண வரவேற்புக்கு ஷெர்வானியை வாடகைக்கு எடுப்பதா, வேட்டியே கட்டுவதா, கட்டினால் நழுவுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள், மாப்பிள்ளை. வரவேற்புக்கும் வேட்டியே கட்டுங்கள். ஷெர்வானி போட்டால் கண்ணாடியில் வேறு யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அப்புறம் எதற்கு அந்த வாடகை? எப்போதும் சட்டைக் கையை முழங்கை வரை மடித்துவிட்டுத் திரிகிற ஆள் என்கிறீர்கள். பட்டுச் சட்டையையும் அப்படியே மடித்துவிடுங்கள். மணப்பெண்ணின் புடவை நிறத்தில் வேட்டிக்கு ஒரு சின்னக் கரை இருந்தால் போதும், ஜோடிப் பொருத்தம் தானாக வந்துவிடும்.

வேட்டி நழுவுகிறது என்றால், நீங்கள் கட்டிப் பார்த்தது 4 முழமாக இருக்கும். அது ஒற்றை வேட்டி, ஒரே அடுக்கு. புதுப் பட்டு வேறு வழுக்கும். 8 முழம் வாங்கி இரண்டாக மடித்துக் கட்டுங்கள். மேலே பெல்ட். (நான் என் கல்யாணத்தில் பெல்ட்டை வேட்டிக்கு உள்ளே போட்டுவிட்டு, பாதி நேரம் இடுப்பைப் பிடித்துக்கொண்டே மேடையில் நின்றேன்.)

வாங்கியதும் வீட்டில் ஒரு மணி நேரம் கட்டிப் பாருங்கள். மாடிப்படி ஏறுங்கள், சம்மணமிட்டு எழுந்திருங்கள், நாலு தடவை காலில் விழுந்து எழுங்கள். கரை தரையைத் தொட்டால் இடுப்பில் பிடி தளர்கிறது என்று அர்த்தம்.

இதெல்லாம் வரவேற்புக்குத்தான். முகூர்த்தத்துக்குப் பஞ்சகச்சம் கட்டும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால் 8 முழம் பற்றாது, 9 அல்லது 10 முழம் வேண்டும். கடைக்குப் போகும் முன்பே பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள்.