குகைச் சலமாண்டர்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அழகர்மலையிலும் கீழக்குயில்குடி சமணர்மலையிலும் குகைகள் உள்ளனவே, கண் தெரியாத குகைச் சலமாண்டர் அங்கே இருக்குமா? – வாசகர், மேலூர்

பதில்: இருக்காது. சலமாண்டர் பல்லி போன்ற உடலும் வாலும் கொண்ட, தவளைக்கு உறவான பிராணி. இந்தியாவில் சலமாண்டர்கள் வடகிழக்கு மலைகளிலும் டார்ஜிலிங் பக்கமும்தான் உண்டு. அவையும் குகைவாசிகள் அல்ல. குகைச் சலமாண்டருக்கு, தண்ணீர் கரைத்துக் குடைந்த சுண்ணாம்புப் பாறை வேண்டும். நம் மலைகள் கருங்கல். சமணர் படுக்கைகள் இருப்பவை பாறை இடுக்குகளே. அங்கே சரசரவென்று ஓடுவது அரணை. அதன் உடலில் செதில் மின்னும்; சலமாண்டருக்குச் செதிலே கிடையாது, தோல் ஈரமாக இருக்கும்.

கேள்வி: வண்ணமீன் கடையொன்றில், கழுத்தோரம் சிவந்த செவுள்களோடு ஒரு வெளிர்நிறப் பிராணியைக் குகைச் சலமாண்டர் என்று விற்கிறார்கள். வாங்கலாமா? – வாசகி, திருநகர்

பதில்: அது அநேகமாக மெக்சிகோவின் ஆக்சலாட்டிலாக இருக்கும், அது ஏரியில் வாழ்வது. விரல்களை எண்ணிப் பாருங்கள்: முன்காலில் 4, பின்காலில் 5 என்றால் ஆக்சலாட்டில். ஐரோப்பியக் குகைகளில் வாழும் ஓல்ம் என்ற குகைச் சலமாண்டருக்கு முறையே 3, 2. கண்ணும் தோலுக்கடியில் மறைந்திருக்கும்.

வாங்காதீர்கள். ஆக்சலாட்டிலுக்கு 16–18 டிகிரித் தண்ணீர் வேண்டும். 24ஐத் தாண்டினால் இரை எடுக்காது, பூஞ்சை பிடிக்கும். சித்திரை வெயிலில் நம் வீட்டுத் தொட்டி 30ஐத் தாண்டிவிடும். மின்விசிறி வைத்தாலும் சில டிகிரிதான் இறங்கும். குளிர்விக்கும் கருவி இல்லாமல் அந்த உயிரைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: ஆள் நுழையாத குகையில் வாழும் ஓல்முக்கு என்ன ஆபத்து? – வாசகர், உசிலம்பட்டி

பதில்: ஆபத்து தண்ணீர் வழியாக வருகிறது. ஓல்ம் வாழ்வது ஸ்லோவேனியா, குரோவேஷியா, போஸ்னியா பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள் ஓடும், 8–11 டிகிரி குளிர்ந்த நீரில். நம் ஊரில் கண்மாய்த் தண்ணீர் மண்ணில் மெல்லக் கசிந்து, ஓரளவு வடிகட்டப்பட்டுக் கிணற்றில் ஊறும். அங்கேயோ மழைநீர் பாறைப் பிளவுகளில் அப்படியே இறங்கிவிடுகிறது. வயலில் போட்ட உரம், தொழுவச் சாணம், ஆலைக் கழிவு எல்லாம் கூடவே போகின்றன. ஸ்லோவேனியாவின் குருப்பா ஆற்று ஊற்றில் மின்தேக்கி ஆலைக் கழிவிலிருந்து பிசிபி என்ற வேதிநஞ்சு கலந்தது. அது எளிதில் சிதையாது, உடல் கொழுப்பில் தங்கிவிடும். நெடுங்காலம் வாழும் ஓல்மின் உடலில் அது சேர்ந்துகொண்டே போகும்.

இழப்பை ஈடுகட்டவும் ஓல்மால் முடியாது. பருவம் எய்தவே சுமார் 15 ஆண்டுகள். பிறகு ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் 35 முட்டைகள் அளவில் இடும். 2016இல் ஸ்லோவேனியாவின் போஸ்தோய்னா குகையில், தனித் தொட்டியில் வைத்துக் காவல் காத்தும், 64 முட்டைகளில் பிழைத்தவை 21 குஞ்சுகள். அதனால் குகை வாசலை மட்டும் பூட்டினால் போதாது; அதற்கு மேலே இருக்கும் வயலிலும் ஊரிலும் கழிவைத் தடுக்க வேண்டும்.