வெள்ளிக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது

கேள்வி:

அன்புள்ள அக்கா,

நாங்கள் பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறோம். கணவருக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. நான் ஓர் அலுவலகத்தில் கணக்கெழுதுகிறேன். மகளுக்கு வயது 14, மகனுக்கு 9. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் மேசியானிய விசுவாசத்துக்கு வந்தார். நானும் மனமொத்துத்தான் வந்தேன். யேசுவாவே (இயேசுவே) மேசியா, தோரா என்கிற மோசேயின் சட்டம் இன்னும் ஒழிந்துவிடவில்லை என்பது எங்கள் நம்பிக்கை. வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை வரை வீட்டில் ஷபாத், அதாவது ஓய்வுநாள். அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, கைப்பேசி கூடாது, கடைக்குப் போகக் கூடாது என்று கணவர் ஒரு பட்டியலே ஒட்டியிருக்கிறார். சனிக்கிழமை ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் சம்பளமும் குறைந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்கு வர ஆறு மணி ஆகும். இருட்டுவதற்குள் மறுநாளுக்கும் சேர்த்துச் சமையல், வீடு துடைப்பது, துணி மடிப்பது எல்லாம் நான்தான். மெழுகுவத்தி ஏற்றும்போது என் கை நடுங்குகிறது. சனிக்கிழமை வலைப்பந்துப் பயிற்சிக்குப் போக முடியாமல் மகள் அழுகிறாள். ஞாயிறு தவறாமல் தமிழ்ச் சபைக்குப் போகும் மாமியார், "வெள்ளிக்கிழமை விளக்கை என் அம்மா காலத்திலேயே விட்டுவிட்டு வந்தோம், நீங்கள் திரும்பவும் ஏற்றுகிறீர்கள்" என்கிறார். அந்த நாளை நான் விரும்புகிறேன் அக்கா. ஆனால் வெள்ளிக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது. இப்படி நினைப்பது பாவமா?

பி.கு.: சனிக்கிழமை இரவு சிங்க்கில் குவிந்து கிடக்கும் பாத்திரங்கள் யாருடைய பொறுப்பு?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பினாங்கு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

பாவமெல்லாம் இல்லை. நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள், அவ்வளவுதான். உங்கள் பின்குறிப்பைத்தான் நான் முதலில் படித்தேன். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நான் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறவள். சனியா ஞாயிறா என்ற பழைய வழக்கில் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, ஆசையும் இல்லை. உங்கள் வீட்டு நம்பிக்கையை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு, அதன் சொந்தச் சட்டத்தை வைத்தே பேசுகிறேன்.

இன்று இரவு உங்கள் கணவரிடம் உபாகமம் 5-ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லுங்கள். ஓய்வுநாள் கட்டளை யாத்திராகமம் 20-இலும் இருக்கிறது. அங்கே சொல்லப்படும் காரணம், கடவுள் ஆறு நாளில் எல்லாவற்றையும் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்பது. உபாகமத்தில் அதே கட்டளையைத் திரும்பச் சொல்லும் மோசே வேறு காரணம் சொல்கிறார். நீ எகிப்தில் அடிமையாக இருந்தவன், அதை மறக்காதே, உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே இளைப்பாற வேண்டும் என்கிறார். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மாடு, கழுதை, வாசலுக்குள் தங்கியிருக்கும் அந்நியன் என்று பட்டியல் போகிறது. அதில் மனைவியைக் காணோம். 'நீ' என்ற சொல்லுக்குள்ளேயே அவளும் அடக்கம் என்று பொருள் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. கழுதைக்குக் கிடைக்கும் ஓய்வு வீட்டுக்காரிக்குக் கிடையாது என்றா மோசே நினைத்திருப்பார்?

"வேலையெல்லாம் வெள்ளிக்கிழமைதானே, ஷபாத் அன்று அவள் ஒன்றும் செய்வதில்லையே" என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். ஆயத்தம் செய்யும் நாள் வேதத்தில் இருப்பது உண்மைதான். வனாந்தரத்தில் ஆறாம் நாள் மன்னாவை இரட்டிப்பாகச் சேர்த்தார்கள். சேர்த்தவர்கள் ஜனங்கள் என்றுதான் எழுதியிருக்கிறது, பெண்டாட்டிகள் என்று எழுதியிருக்கவில்லை. அதுவும் போதவில்லை என்றால், ரபிகள் என்கிற யூத வேத ஆசான்களின் பழைய நூலான தல்மூத்தில் ஓர் அருமையான பகுதி இருக்கிறது. பாபிலோன் நாட்டுப் பெரிய ரபிகள் ஷபாத்துக்கு முன்னால் தம் கையாலேயே என்னென்ன வேலை செய்தார்கள் என்று அங்கே சொல்லப்படுகிறது. ராவா மீனுக்கு உப்புத் தடவினார். ராவ் ஹிஸ்தா கிழங்கை நறுக்கினார். ரப்பாவும் ராவ் யோசேப்பும் விறகு பிளந்தார்கள். கேட்பதற்கு ஆள் இல்லாமலா செய்தார்கள்? மாணவர்கள் சூழ்ந்திருந்த பேராசான்கள் அவர்கள். வரும் நாளுக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று செய்தார்கள். பாயான் லெப்பாஸிலிருந்து வருகிற வழியில் உங்கள் கணவர் மீன் வாங்கிக் கழுவி மஞ்சள் உப்புத் தடவி வைத்தால் ராவாவுக்குப் பக்கத்தில் போய் உட்காரலாம்.

மீன் என்றதும் ஞாபகம் வருகிறது. வெள்ளி மாலை ஆறு மணிக்கு மேல் ஏன் சமைக்கிறீர்கள்? நம் சமையலில் மறுநாள்தான் ருசிக்கும் பண்டங்கள் எத்தனை இருக்கின்றன! வியாழன் இரவே புளி கரைத்துக் கெம்போங் மீன் குழம்பு வைத்துவிடுங்கள். செதிலும் துடுப்பும் உள்ள மீன், உங்கள் சட்டத்துக்கும் பொருந்தும். (இறாலையும் நண்டையும் விட்டுவிட்டுப் பினாங்கில் குடியிருப்பதே பாதி தியாகம் என்பது என் சொந்தக் கருத்து.) ரைஸ் குக்கரை அந்திக்கு முன்பே போட்டுச் சூடு காக்கும் நிலையில் விட்டுவிடுங்கள். தீயை மூட்டாதே என்பதுதான் யாத்திராகமம் 35-இன் சொல். முன்பே மூட்டிய சூட்டில் உணவு இருப்பதை யூதர்களே பன்னெடுங்காலமாக ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். பாக்தாத் யூதர்களிடம் 'திபீத்' என்றொரு பண்டம் உண்டு. கோழிக்குள் அரிசியைத் திணித்து, சுற்றிலும் அரிசி போட்டு, வெள்ளி மாலையே சிறுதீயில் ஏற்றிவிடுவார்கள். இரவெல்லாம் வெந்து சனிக்கிழமை காலையில் மணக்கும்.

பாக்தாத் எங்கே, பினாங்கு எங்கே என்று நினைக்காதீர்கள். ஜார்ஜ் டவுனில் இருந்த யூதர்களில் பெரும்பாலோர் பாக்தாத் வழி வந்தவர்கள்தாம். 1805-இல் தொடங்கிய அவர்களுடைய கல்லறைத் தோட்டம் இன்றும் இருக்கிறது. அந்தத் தெருவுக்கு முன்பு யாஹூதி சாலை என்றே பெயர், இப்போது ஜாலான் ஜைனால் ஆபிடின். அவர்களுடைய தொழுகைக்கூடம் 1929 முதல் 1976 வரை இருந்த இடம் நாகூர் சாலை. நம் நாகூர் பெயரைத் தாங்கிய தெருவில்தான் இத்தீவின் ஷபாத் ஜெபங்கள் ஒலித்தன. ஒருநாள் பிள்ளைகளை அந்தப் பக்கம் அழைத்துப் போங்கள். ஷபாத் அப்பா யூடியூப்பில் கண்டுபிடித்த புதுச் சங்கதி என்று அவர்கள் எண்ணாமல் இருப்பார்கள். வேறொரு மக்கள் பல நூற்றாண்டுகள் காப்பாற்றி வைத்த வழக்கத்தைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறோம் என்ற அடக்கமும் வரும்.

ஷபாத் மேசையில் இரண்டு அப்பம் வைக்க வேண்டுமே என்று ஹல்லா ரொட்டி பின்னிக்கொண்டு உட்கார வேண்டாம். ரொட்டி பெங்காலி இரண்டு வாங்குங்கள், முடிந்தது. திராட்சைச் சாற்றுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ரிபேனா திராட்சைக் கொடியில் காய்ப்பது இல்லை, அது வேறு பழம். மகன் கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெழுகுவத்தியைச் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பு ஏற்றுவது யூத வழக்கம். பினாங்கில் சூரியன் நவம்பரில் ஏழு மணியை ஒட்டியும் ஜூலையில் 7.40-ஐ ஒட்டியும் மறைகிறது. மக்ரிப் பாங்கு கேட்கிறதல்லவா, அந்த நேரம்தான் அந்தி. ஆகவே ஆண்டின் பெரும்பகுதியில் ஆறு மணிக்கு வருகிற உங்களுக்கு ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்தில் நீங்கள் செய்ய வேண்டியது குளிப்பது. மீதி எல்லாம் வியாழனுக்கும் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் போகட்டும். துடைக்காத தரையில் ஷபாத் வராது என்று எந்த ரபியும் சொல்லியிருக்க மாட்டார்.

மாமியாரின் மனக்கசப்பை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான். நம் பக்கத்தில் வெள்ளிக்கிழமை என்றாலே வீடு கழுவி, தலைக்குக் குளித்து, அந்தியில் விளக்கு வைக்கிற நாள். அதை விட்டுவிட்டுச் சபைக்கு வந்த ஒரு தலைமுறைக்கு அது சின்ன இழப்பாக இருந்திருக்காது. உறவுகளோடு மனத்தாங்கல், ஏச்சுப்பேச்சு எல்லாம் அதில் இருந்திருக்கும். இப்போது அதே வெள்ளி, அதே அந்தி, மகன் வீட்டில் இரண்டு சுடர். அவர் கண்ணுக்கு வேறெப்படித் தெரியும்? விளக்கத்தை எளிமையாகச் சொல்லுங்கள். மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் மோசேயின் சட்டத்திலேயே இல்லை, பின்னால் வந்தது. அந்திக்குப் பிறகு தீ மூட்டக் கூடாது என்பதால், குடும்பம் இருட்டில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாதே என்று முன்கூட்டியே வெளிச்சம் வைத்தார்கள். அந்தச் சுடருக்கு யாரும் ஆராதனை செய்வதில்லை. குத்துவிளக்கு வேண்டாம், சாதா மெழுகுவத்தியே போதும். அவருடைய பழைய காயத்துக்கு நாம் செய்யும் மரியாதை அது.

நாளின் பெயர் அவருக்கு உறுத்தினால் இதையும் சொல்லுங்கள். தமிழில் சனி என்றால் நம் நாக்கிலேயே ஒரு பீடை வந்துவிடுகிறது. ஆனால் மலாயில் அந்த நாளுக்கு 'சப்து' என்று பெயர். அது அரபு மொழியின் 'சப்த்' வழியாக வந்தது, எபிரேய ஷபாத்துக்கு உடன்பிறப்பு. பேரனுடைய பள்ளிக்கூட நாட்காட்டியில் அந்த ஓய்வுநாள் அச்சாகியே இருக்கிறது.

அப்புறம், உங்கள் கணவர் ஞாயிற்றுக்கிழமை அம்மாவைச் சபைக்கு அழைத்துப் போகிறாரா? நீங்கள் எழுதவில்லை, நான் ஊகிக்கிறேன். ஏழாம் நாள் ஓய்ந்திருப்பவன் முதல் நாள் தாயோடு பாட்டுப் பாடக் கூடாது என்று எங்கும் இல்லை. கொலோசெயர் 2:16-ஐக் காட்டி உங்களை யாராவது மடக்கியிருப்பார்கள். ஓய்வுநாள் விஷயத்தில் யாரும் உங்களைக் குற்றம் சொல்ல விடாதீர்கள் என்கிற வசனம் அது. உங்கள் வீட்டிலிருந்து மாமியாரைக் குற்றம் சொல்வதையும் அது தடுக்கும். அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடியவர்கள் யூதரல்லாத விசுவாசிகள்மேல் நான்கு காரியங்களை மட்டுமே வைத்தார்கள், அவற்றில் ஓய்வுநாள் இல்லை. அடுத்த வசனத்தில் ஓய்வுநாள்தோறும் மோசே வாசிக்கப்படுகிறாரே என்று உங்கள் கணவர் கேட்பார். கேட்கட்டும், நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பகுதியை வைத்துக்கொண்டு ஒரு கிழவியை அவருடைய சபையிலிருந்து பிரிக்க முடியாது.

மகளுக்கு வருகிறேன். பதினான்கு வயதுப் பெண்ணிடமிருந்து வலைப்பந்தைப் பறித்தால் அவள் கையில் தோரா வந்து உட்காராது. ஏசாயா 58 ஓய்வுநாளை மனமகிழ்ச்சியின் நாள் என்று சொல்லச் சொல்கிறது. அழுதுகொண்டே அதை யாரும் சொல்ல முடியாது. பயிற்சியை வேறு நாளில் வைத்துக்கொள்ள வழியுண்டா என்று ஆசிரியரிடம் அப்பாவே நேரில் போய்க் கேட்கட்டும். கேட்டும் முடியாவிட்டால் அவள் போய்விட்டு வரட்டும். வெள்ளி இரவு முழுவதும் உங்களுடையதுதானே. அந்த இரவில் தகப்பன் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பது பழைய வழக்கம். மகனை எப்பிராயீமைப் போல, மனாசேயைப் போல இரு என்றும், மகளைச் சாராள், ரெபெக்காள், ராகேல், லேயாளைப் போல இரு என்றும் சொல்லி, எண்ணாகமம் 6-இல் உள்ள ஆசாரிய ஆசீர்வாதத்தையும் சேர்ப்பார்கள். ஷிப்ட் முடிந்து வந்த அப்பாவின் கை வாரம் ஒருமுறை தலைமேல் இருப்பதை அந்தப் பெண் மறக்க மாட்டாள். சுவரில் ஒட்டிய பட்டியலைக் கழற்றிவிட்டு இதிலிருந்து தொடங்குங்கள்.

அதே இரவில் கணவன் மனைவியைப் பார்த்து நீதிமொழிகள் 31-இன் குணசாலியான ஸ்திரீயைப் பாடுவதும் உண்டு. அழகான வழக்கம். அந்தப் பெண் இருட்டோடே எழுந்து வீட்டாருக்குச் சாப்பாடு போடுகிறவள், இரவிலே அவள் விளக்கு அணையாது. அதைப் பாடி முடித்துவிட்டு, "தண்ணீர் கொண்டு வா" என்று மட்டும் அவர் சொல்லாமல் இருக்க வேண்டும்.

சம்பள விஷயம் சுருக்கமாக. நம் நாட்டு வேலைச் சட்டம் வாரத்துக்கு ஒரு முழு ஓய்வு நாளைத் தருகிறது. ஷிப்ட் தொழிலாளிக்குத் தொடர்ந்து 30 மணி நேரம் ஓய்வு நாளாகக் கணக்கிடப்படும். அது எந்த நாள் என்பதை முதலாளிதான் குறிப்பார். ஆனால் 2023 ஜனவரி முதல், வேலை நேரத்தையோ நாளையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் வர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில் நண்பரிடம் ஷிப்ட் மாற்றிக் கெஞ்சுவதைவிட இது கௌரவமானது.

சனிக்கிழமை முடிவதுதான் எனக்குப் பிடித்த கட்டம். வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் ஹவ்தாலா. திராட்சைச் சாறு, பல திரிகள் சேர்ந்த ஒரு மெழுகுவத்தி, வாசனைப் பொருள். போகிற ஓய்வுநாளின் மணத்தை முகர்ந்து வழியனுப்புகிறார்கள். அந்த வாசனையை மாமியாரிடம் ஒப்படையுங்கள். அவருடைய அஞ்சறைப் பெட்டியிலிருந்து கிராம்பும் ஏலமும் பட்டையும் எடுக்கட்டும். ஜாதிக்காய் விளையும் தீவில் இருந்துகொண்டு அதை விடலாமா, ஒரு துண்டு தட்டிப் போடுங்கள். டப்பா முதலில் பாட்டியின் கையிலிருந்து பேரனுக்குப் போகட்டும். அவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்லாவிட்டாலும் கிராம்பை முகர்ந்துதான் ஆவார்.

இனி உங்கள் பின்குறிப்பு. சனி இரவுப் பாத்திரங்களைப் பற்றித் தோராவில் தனிக் கட்டளை எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் ராவா மீனுக்கு உப்புத் தடவிய கையை எங்கேயோ கழுவித்தான் இருப்பார். ஹவ்தாலா மெழுகுவத்தி அணைந்ததும் உங்கள் கணவர் சட்டைக் கையை மடித்துக்கொள்ளட்டும். மகன் துடைத்து அடுக்கட்டும். நீங்கள் மகளோடு கீழே ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.

அன்புடன்,
அக்கா