அம்மாவோடு கெய்உன்கானில் தங்கலாமா?
முழங்கால் வலியுள்ள, சுத்த சைவமான அம்மாவை ஜப்பானில் யமனாஷியிலுள்ள கெய்உன்கான் விடுதிக்குக் கூட்டிப்போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய மரக்கட்டடம் பார்க்கத்தான் என்றால் வேண்டாம், கி.பி. 705-இல் தொடங்கிய விடுதி, உலகிலேயே மிகப் பழைய விடுதி என்ற கின்னஸ் சாதனை எல்லாம் சரி, ஆனால் இப்போதுள்ள கட்டடம் புதுசு. வெந்நீர் ஊற்றுக்காக என்றால் தாராளமாகப் போகலாம். எனக்குச் சாப்பாடுதான் கவலை. தட்டில் மீனே இல்லாவிட்டாலும் சூப், வேகவைத்த காய் எல்லாவற்றிலும் தாஷி இருக்கும், அது பெரும்பாலும் நம்ம மாசிக்கருவாடு மாதிரி காயவைத்த சூரை மீனைச் சீவிப்போட்டு எடுக்கிற சாறு. அதனால் சைவம் என்று மட்டும் எழுதாமல், மீன் தாஷியும் கூடாது என்று முன்பதிவுக்கு முன்னாலேயே மின்னஞ்சலில் கேளுங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள். அப்புறம், கட்டில் போட்ட அறை கிடைக்குமா என்றும் கேளுங்கள், தரை மெத்தையிலிருந்து எழுந்திருப்பது அம்மாவுக்குக் கஷ்டம். பொதுக் குளியலில் உடையில்லாமல்தான் இறங்கணும், அதையும் இப்பவே சொல்லிவையுங்கள்.