முட்டை எடுத்த பிறகு வயிறு ஊதினால் கேஸ்தானா?

கேள்வி: எனக்கு 29 வயது, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டி) உண்டு. ஐவிஎஃப் (டெஸ்ட் டியூப் குழந்தை) சிகிச்சைக்காக மூன்று நாளைக்கு முன் 24 முட்டை எடுத்தார்கள். வயிறு உப்பி நைட்டிகூட இறுக்குகிறது. இரண்டு கிலோ ஏறிவிட்டது. கிளினிக்கில் 'கேஸ்தான், இளநீர் குடிங்க' என்கிறார்கள். நாளை மறுநாள் கரு வைக்கிறார்கள். போகலாமா?

பதில்: கேஸ் என்று விட்டுவிடாதீர்கள், அம்மா. இன்றே ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். ஊசிகளால் அளவுக்கு மீறித் தூண்டப்பட்ட சினைப்பை பெருத்துவிட்டால், ரத்தக் குழாயில் இருக்கவேண்டிய நீர் வயிற்றுக்குள் கசியும். வயிறு நிறையும், சிறுநீர் குறையும், ரத்தம் கெட்டியாகும். இதை ஓஎச்எஸ்எஸ் (சினைப்பை மிகைத் தூண்டல்) என்பார்கள். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம்.

இந்த நிலையில் கரு வைப்பதை நான் ஒத்திப்போடுவேன். உறைய வைத்துவிட்டு, உடம்பு தேறியபின் வைத்துக்கொள்ளலாம். காரணம் இருக்கிறது. முட்டை முதிரப் போடும் எச்சிஜி ஊசிதான் பெரும்பாலும் இதைக் கிளப்புகிறது. கர்ப்பம் தரித்தால் அதே ஹார்மோனை உடம்பே தினம் தினம் சுரக்கும். எடுத்த வாரத்தில் ஒன்றுமில்லாமல் இருந்து, பத்து நாள் தாண்டி வயிறு ஊதி வருபவர்களும் உண்டு. 'பாசிட்டிவ் வந்திருக்கு, மசக்கையா இருக்கும்' என்று வீட்டில் சர்க்கரை வழங்கிக்கொண்டிருப்பார்கள். இரட்டை என்றால் இன்னும் கடுமை.

உறைய வைப்பது 'பேக்கேஜில்' வராது, தனிச் செலவு என்பார்கள். ஏஜென்ட் வழியாகப் போனீர்களா? 'போன வாரம் ஒருத்தருக்கு முப்பது முட்டை' என்று பெருமையடித்துத்தான் ஆள் பிடிக்கிறார்கள். முப்பது என்பது சாதனையல்ல, எச்சரிக்கை. இரவு பதினோரு மணிக்கு மூச்சு வாங்கும்போது அந்த ஏஜென்ட் போனை எடுப்பாரா?

தினமும் காலையில், சிறுநீர் கழித்தபின் எடை பாருங்கள். தொப்புள் மட்டத்தில் ஒரு நூலால் வயிற்றை அளந்து முடிச்சுப் போட்டு வையுங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, வாந்தியில் தண்ணீர்கூடத் தங்காவிட்டாலோ, மூச்சு முட்டினாலோ, ஒரு கால் மட்டும் வீங்கினாலோ ஐசியு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு பக்கம் மட்டும் திடீரென்று சுருட்டி வலித்தால் சினைப்பை முறுக்கியிருக்கலாம், அதுவும் அவசரம். வலிக்குப் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வேண்டாம்.

கையில் ஃபைல் இருக்கட்டும். முட்டை முதிரப் போடும் ஊசியைப் பற்றிப் பல ஃபைல்களில் 'டிரிகர் கொடுக்கப்பட்டது' என்று மட்டும் கிறுக்கியிருக்கும். அது எச்சிஜியா, அதற்குப் பதிலாகப் போடும் லூப்ரோலைடா? பிசிஓஎஸ்காரர்களுக்கு லூப்ரோலைடில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. இதைக் கேட்டால் 'உங்களுக்குப் புரியாது' என்கிறார்கள். ஊசியின் பெயர், அளவு, போட்ட நேரம் மூன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.