வாசகர் கேள்வி பதில்: "ரோ சைஸ் டூ லார்ஜ்"னு வருது சார்!

கே: வணக்கம் சார். ஊர்ல சின்னதா ஒரு அன்னதான டிரஸ்ட் நடத்துறோம். நன்கொடை குடுக்குறவங்க விவரம் முன்னாடி நோட்டுல இருந்துச்சு, அப்புறம் எக்செல், இப்போ சிவிசிஆர்எம் (தொண்டு அமைப்புகளுக்கான சாஃப்ட்வேர்). கமிட்டி மெம்பருங்க ஆளுக்கு ஒண்ணு கேக்க கேக்க கஸ்டம் ஃபீல்டு (நாமளா சேர்க்குற தகவல் கட்டம்) சேர்த்துட்டே போனோம், கோத்திரம், நட்சத்திரம், வயசு, பிளட் குரூப், 2021 தொகை, 2022 தொகைன்னு. இப்ப புதுசா ஒண்ணு போட்டா "ரோ சைஸ் டூ லார்ஜ்"னு எரர். சர்வர்ல இடம் நிறையவே இருக்கு. அதோட நட்சத்திரத்தை வச்சுத் தேடினா பாதிப் பேர் வர்றதில்ல, வேற யாரோ வர்றாங்க. என்ன பண்ணலாம்?
- டிரஸ்ட் ஆபீஸ் ஊழியர், மயிலாடுதுறை

ப: இது சர்வர் இடப் பிரச்சினையே இல்லீங்க. சிவிசிஆர்எம்ல நீங்க ஒரு கஸ்டம் ஃபீல்டு செட் உருவாக்கினா உள்ள மைஎஸ்க்யூஎல்ங்கிற டேட்டாபேஸ்ல அதுக்குன்னு தனியா ஒரு டேபிள் உருவாகும், செட்டுக்குள்ள போடுற ஒவ்வொரு ஃபீல்டும் அதுல ஒரு காலம் (column, அதாவது நெடுவரிசை). மைஎஸ்க்யூஎல்ல ஒரு வரிக்கு, அதாவது ஒரு ரோவுக்கு, உச்சவரம்பு 65,535 பைட். டெக்ஸ்ட் ஃபீல்டு போடும்போது நீளம் 255ன்னு தானா வந்து உக்காந்துக்கும், நாமளும் கண்டுக்காம சேவ் குடுத்துடுவோம். இப்ப எழுத்தைச் சேமிக்குற யூடிஎஃப்8எம்பி4 முறையில ஒரு எழுத்துக்கு 4 பைட் வரைக்கும் கணக்கு, அப்போ 255 எழுத்துக்கு 1,020, நீளத்தைக் குறிக்க இன்னும் 2, ஆக ஒரு ஃபீல்டுக்கு 1,022 பைட். நீங்க உள்ள ஒண்ணுமே டைப் பண்ணாட்டியும் அது கணக்குல சேரும், ஆள் வந்தாலும் வராட்டியும் பஸ்ல சீட்டு ரிசர்வ் ஆகிட்ட மாதிரி. வகுத்துப் பாருங்க, 64 ஃபீல்டோட கதை முடிஞ்சுது, 65வது போடும்போது நீங்க சொன்ன எரர்.

முதல்ல நீளத்தைக் குறைங்க. பின்கோடு 6 இலக்கம், அதுக்கு எதுக்கு 255? ஆனா குறைக்குறதுக்கு முன்னாடி அந்த ஃபீல்டுல இப்ப இருக்குறதுலயே நீளமானது எதுன்னு பார்த்துக்கங்க, இல்லன்னா மிச்ச எழுத்து வெட்டுப்படும். பேக்கப் எடுக்காம இந்த வேலையில கையே வைக்காதீங்க. எல்லாத்தையும் ஒரே செட்டுல அடைக்காம ரெண்டு மூணு செட்டா பிரிச்சாலும் சரியாகும், ஃபீல்டை ஒரு செட்டுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த அங்கயே வசதி இருக்கு.

ஆனா எனக்கு என்னமோ உங்களுக்கு இவ்ளோ ஃபீல்டே தேவையில்லன்னு தோணுது. "2021 தொகை", "2022 தொகை"ன்னு வருஷத்துக்கு ஒரு ஃபீல்டு போட்டீங்கன்னா காலம் பூரா வருஷப் பிறப்புக்கு ஒரு ஃபீல்டு சேர்க்கணும், அதுலயும் ஒரே வருஷத்துல ரெண்டு தடவை குடுத்தவருக்கு என்ன பண்ணுவீங்க? நன்கொடைக்குன்னே அதுல கான்ட்ரிபியூஷன் ரெக்கார்டு இருக்கு, ஒருத்தர் எத்தனை தடவை குடுத்தாலும் தேதியோட ஒவ்வொண்ணா சேரும், வருஷக் கணக்கை ரிப்போர்ட்ல எடுத்துக்கலாம். வயசும் அப்படித்தான், இன்னைக்கு 52ன்னு போட்டா அடுத்த வருஷம் அது பொய். பிறந்த தேதிக்கு ஃபீல்டு ஏற்கெனவே உள்ளயே இருக்கு, அதைப் போட்டா வயசை அதுவே கணக்குப் போட்டுக் காட்டும். "மொபைல் 2"ன்னு ஏதாவது போட்டிருந்தா அதையும் எடுத்துடுங்க, ஒருத்தருக்கு எத்தனை நம்பர் வேணும்னாலும் சேர்க்க வழி இருக்கு. கமிட்டில அடுத்த தடவை யாராவது "ஒரு காலம் சேருப்பா"ன்னு சொன்னா, இதை யார் ஃபில் பண்ணுவா, எந்த லெட்டருக்கு, எந்த லிஸ்டுக்கு இது வேணும்னு கேளுங்க. பதில் வராட்டி ஃபீல்டும் வேணாம்.

இப்ப நட்சத்திரம். இதை டெக்ஸ்டா விட்டதுதான் தப்பு. ஒருத்தர் அஸ்தம்னு போடுவார், இன்னொருத்தர் ஹஸ்தம்னு போடுவார், திருவோணத்தை ஓணம்னு போடுறவங்களும் உண்டு. சரி சுருக்கமா தேடுவோம்னு "உத்திர"ன்னு அடிச்சா உத்திரம், உத்திராடம், உத்திரட்டாதி மூணும் சேர்ந்து வரும். உத்திராடக்காரருக்குப் போக வேண்டிய பிரசாதக் கவர் உத்திரட்டாதிக்காரர் வீட்டுக்குப் போயிடும்! இதை விட மோசமானது ஒண்ணு இருக்கு, கண்ணுக்கே தெரியாது. ரோகிணில இருக்குற "ரோ"வை யூனிகோடுல ர-வுக்கு அப்புறம் ஓகாரக் குறியை ஒரே குறியீடா போட்டும் எழுதலாம், ஏகாரக் குறியையும் துணைக்காலையும் தனித்தனியா போட்டும் எழுதலாம். ஸ்கிரீன்ல ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான், உள்ள வேற வேற. பழைய பாமினி ஃபான்ட்ல அடிச்சதை கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்த டேட்டான்னா இந்தச் சந்தேகம் எனக்கு முதல்ல வரும்.

அதனால 27 நட்சத்திரத்தையும் லிஸ்டுல இருந்து தேர்ந்தெடுக்குற டிராப் டவுனா வச்சுடுங்க. அதுல ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் லேபிள்னு ஒண்ணு, வேல்யூன்னு ஒண்ணு கேக்கும். லேபிள்ல தமிழ்ப் பேர், வேல்யூல 1, 2, 3ன்னு நம்பர். டேட்டாபேஸ்ல சேவ் ஆகுறது வேல்யூ மட்டும்தான், அதனால நாளைக்கு ஹஸ்தத்தை அஸ்தம்னு மாத்தினாலும் பழைய ரெக்கார்டு எதுவும் கெடாது. வேல்யூவை மட்டும் அப்புறம் தொடாதீங்க. பழைய டெக்ஸ்ட் ஃபீல்டையே டிராப் டவுனா மாத்தப் பார்க்காம புதுசா ஒண்ணு போட்டு, பழசை கான்டாக்ட் ஐடியோட (ஒவ்வொருத்தருக்கும் சாஃப்ட்வேர் குடுக்குற நம்பர்) எக்செல்லுக்கு எக்ஸ்போர்ட் பண்ணி, அங்க உக்காந்து ஸ்பெல்லிங் எல்லாம் சரி பண்ணி, அதே ஐடியை வச்சு அப்டேட் மோடுல இம்போர்ட் பண்ணுங்க. முதல்ல பத்து பேரை மட்டும் ஏத்திப் பாருங்க. பிளட் குரூப்புக்கும் இதே வைத்தியம். எட்டு குரூப்போட நிறுத்தாம "பாம்பே குரூப்"பையும் சேர்த்துக்கங்க, 1952ல பம்பாயில கண்டுபிடிச்ச அபூர்வ ரகம் அது, அப்படி ஒருத்தர் உங்க லிஸ்டுல இருந்தா ஓ குரூப்புன்னு போட்டு வைக்கிறது ஆபத்து.

கே: எங்க கல்லூரி லைப்ரரியில கோஹாங்கிற நூலக சாஃப்ட்வேர் ஓடுது. மாணவர்களோட டிபார்ட்மென்ட், எந்த வருஷம் படிக்கிறாங்க, ரிஜிஸ்டர் நம்பர் இதெல்லாம் பேட்ரன் (லைப்ரரி உறுப்பினர்) ரெக்கார்டுல சேர்க்கணும். இப்படி அட்ரிபியூட் (கூடுதல் விவரம்) நிறைய வச்சா இங்கயும் அந்த மாதிரி லிமிட் இடிக்குமா?
- நூலகர், தஞ்சாவூர்

ப: இடிக்காது மேடம். கோஹால பேட்ரன் அட்ரிபியூட் காலமா சேராது, வரியா சேரும். ஒரு மாணவருக்கு மூணு அட்ரிபியூட்னா அந்த டேபிள்ல மூணு வரி, இல்லாதவருக்கு வரியே கிடையாது. உங்க தலைவலி வேற இடத்துல. "மூணாம் வருஷம்"னு போட்டா ஒவ்வொரு ஜூனிலயும் எல்லாரையும் ஏத்தி விடணும், "2023-26"ன்னு பேட்ச்சா போட்டுட்டா ஒரு தடவையோட முடிஞ்சுது. டிபார்ட்மென்டுக்கு ஆத்தரைஸ்டு வேல்யூல (அனுமதிச்ச பதில்களோட லிஸ்ட்) ஒரு கேட்டகரி போட்டு இணைச்சுடுங்க, அப்பதான் கவுன்டர்ல யார் உக்காந்தாலும் லிஸ்டுல இருந்து எடுப்பாங்க, "சிஎஸ்"னும் "கம்ப்யூட்டர் சயின்ஸ்"னும் ரெண்டா வராது. ரிஜிஸ்டர் நம்பருக்கு யூனிக் டிக் பண்ணுங்க, ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு விழாது. சேவ் பண்ணதுக்கு அப்புறம் அட்ரிபியூட் கோடை மாத்த முடியாது, அதனால பேரை அவசரத்துல வைக்காதீங்க.

கே: நன்கொடையாளர்கிட்ட ஆதார் நம்பர் வாங்கி ஒரு ஃபீல்டுல வச்சுக்கலாமா? எதுக்காவது உதவும்ல?
- வாசகர், விருதுநகர்

ப: "எதுக்காவது உதவும்"னு எந்த ஃபீல்டையும் வைக்காதீங்க, ஆதாரை அறவே வேணாம். உங்க டிரஸ்டுக்கு 80ஜி (நன்கொடையாளருக்கு வருமான வரிச் சலுகை தர்ற அங்கீகாரம்) இருந்தா 2021-22 நிதியாண்டுல இருந்து நன்கொடையாளர் விவரத்தை வருமான வரித் துறைக்கு ஃபார்ம் 10பிடில தாக்கல் பண்ணணும்னு வந்துச்சு, அதுக்கு அடையாள எண் தேவைதான், ஆனா பான் இருந்தாலே போதும். பான் ஃபீல்டுக்கு நீளம் 10, அஞ்சு எழுத்து, நாலு இலக்கம், கடைசியில ஒரு எழுத்து. நாலாவது எழுத்து "பி"ன்னா அது தனிநபர், கம்பெனின்னா "சி". இதை வச்சே டைப்பிங் தப்பு நிறைய பிடிக்கலாம். அந்த ஃபீல்டு இருக்குற செட்டை கணக்கு பார்க்குறவருக்கு மட்டும் தெரியுற மாதிரி பர்மிஷன் குடுங்க, அன்னதானத்துக்கு போன் பண்ற வாலன்டியருக்கு அது எதுக்கு?

கே: தெரியாம ஒரு கஸ்டம் ஃபீல்டை டெலிட் பண்ணிட்டேன் அண்ணா. எங்களுதும் சிவிசிஆர்எம்தான். திரும்ப வருமா?
- வாசகி, திருப்பூர்

ப: தானா வராதும்மா. டிசேபிள் பண்ணியிருந்தா டேட்டா உள்ள பத்திரமா இருக்கும், டெலிட்னா காலமே போயிடும். சேல்ஸ்ஃபோர்ஸ்ங்கிற இன்னொரு சாஃப்ட்வேர்ல டெலிட் பண்ண ஃபீல்டைத் திரும்ப எடுக்க 15 நாள் டைம் உண்டு, இதுல அது இல்ல. பேக்கப் இருக்கான்னு ஹோஸ்டிங்காரங்கள உடனே கேளும்மா. இருந்தா அதை ஓடிட்டிருக்குற சைட்டு மேலயே ரீஸ்டோர் பண்ணிடாத, நடுவுல சேர்ந்த புது ரெக்கார்டெல்லாம் அழிஞ்சுடும். தனியா ஒரு டெஸ்ட் டேட்டாபேஸ்ல ஏத்தி, அந்த ஒரு காலத்தை மட்டும் கான்டாக்ட் ஐடியோட எடுத்து, மெயின் சைட்டுல அதே மாதிரி ஃபீல்டு புதுசா போட்டு இம்போர்ட் பண்ணு. பழைய ஃபீல்டை வச்சு எடுத்த ரிப்போர்ட், ஃபார்ம் எல்லாத்தையும் மறுபடி புது ஃபீல்டோட இணைக்கணும், ஏன்னா பேர் அதேதான் ஆனா அதோட ஐடி நம்பர் மாறிடும்.