வெள்ளைக்காரர் நேராகப் பேசுவார்கள், எங்கள் ஆட்கள் சுற்றி வளைப்பார்கள் என்பது உண்மையா?

பாதிதான் உண்மை. எதை நேராகச் சொல்லலாம், எதைச் சுற்றிச் சொல்ல வேண்டும் என்பதுதான் ஊருக்கு ஊர் மாறுகிறது. சுற்றாமலே பேசுகிற சமூகம் ஒன்றை நான் இன்னும் காணவில்லை.

போருக்குப் பிறகு இலங்கையின் வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மீள்குடியேற்ற வேலைக்கு வந்த வெளிநாட்டு அலுவலர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக நிறையக் கூட்டங்களில் இருந்திருக்கிறேன். ஒரு கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில், பொதுக் கிணறு வெட்ட ஓர் இடத்தைச் சொல்லி "இது சரியா?" என்று கேட்டார்கள். பெரியவர் ஒருவர் எழும்பி, "ஓம், நல்ல இடம்தான். மாரியில கொஞ்சம் வெள்ளம் நிக்கும். நீங்கள் படிச்ச ஆக்கள், பார்த்துச் செய்யுங்கோ" என்றார். அலுவலர் கொப்பியில் சரி போட்டார். மண்டபத்தில் இருந்த மற்ற எல்லாருக்கும் 'வேண்டாம்' என்றுதான் கேட்டது. உதவி செய்ய வந்த மனுசனை முகத்தில் அடித்தமாதிரி மறுக்கக் கூடாது என்பது அங்கே மரியாதை. அவர் மறுக்கிறார் என்று நான் தனியாக எடுத்துச் சொன்ன பிறகு, மேட்டுப் பக்கமாக வேறு இடம் பார்த்தார்கள்.

கூட்டம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது ஓர் அம்மா அதே அலுவலரிடம், "பிள்ளை, உங்களுக்கு எத்தனை வயசு? ஏன் இன்னும் கலியாணம் முடிக்கேல்ல? சம்பளம் எவ்வளவு?" என்று அடுக்கினார். அலுவலருக்கு முகம் சிவந்துவிட்டது. அம்மாவுக்கு அது அக்கறை, கேட்காமல் விட்டால்தான் குறை. சம்பளக் கதை வந்தால் சுற்றி வளைப்பது வெள்ளைக்காரர்தான்!

அமெரிக்க மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், பாதியைச் சூழலே சொல்லிவிடும் என்று நம்பிப் பேசுகிறவர்கள், எல்லாவற்றையும் சொல்லிலேயே சொல்கிறவர்கள் என்று 1976இல் பிரித்துக் காட்டினார். பெரியவரின் பதிலை அது நன்றாக விளக்கும், அந்த அம்மாவின் கேள்விகளை விளக்காது. எனக்கு அதைவிடப் பிடித்தது 2009இல் வந்த ஓர் ஆய்வு. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளுக்கு எவ்வளவு நேரத்தில் பதில் வருகிறது என்று 10 மொழிகளில் அளந்தார்கள். சராசரி ஏறத்தாழ 0.2 விநாடி. ஜப்பானியர் மிக வேகம், டென்மார்க்காரர் மிக நிதானம், ஆனாலும் இரண்டுக்கும் நடுவில் அரை விநாடிகூட இல்லை. பெரும்பாலும் 'ஆம்' சட்டென்று வந்தது, 'இல்லை' தயங்கித் தயங்கி வந்தது. மறுக்க எல்லாருக்கும் கூச்சம்தான். எங்கள் ஆட்கள் அந்தத் தயக்கத்தை மாரி வெள்ளத்தைச் சொல்லி நிரப்புகிறார்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஒருவர் பேசும்போது நாலு பேர் நடுவில் "ஓம் ஓம்" என்று சேர்ந்து கதைப்பது. அது குறுக்கீடு இல்லை, காது கொடுக்கிறார்கள் என்று அர்த்தம்.

வன்னியில் வேலை செய்ய வருகிறவர்களுக்கு நான் சொல்வது: "இது சரியா?" என்று கேட்காதீர்கள். "மாரியில இந்தப் பக்கம் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டுவிட்டுப் பேச விடுங்கள். உடனே எழும்பியும் போகாதீர்கள். முக்கியமான விஷயத்தைப் பலர் கூட்டம் கலைந்து சைக்கிளை எடுக்கும்போதுதான் சொல்வார்கள்.