டியூப்லெஸ் சைக்கிள் டயரில் காற்று ஏன் நிற்பதில்லை?

டியூப்லெஸ் என்றால் உள்ளே டியூப் கிடையாது. டயரின் ஓரம் ரிம்மில் இறுக்கமாக உட்கார்ந்து காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஊற்றும் சீலன்ட் என்ற வெள்ளைத் திரவம், முள் குத்திய ஓட்டை வழியே காற்றோடு கசிந்து, அங்கேயே கெட்டியாகி அடைத்துவிடும். காயத்தில் ரத்தம் உறைகிற மாதிரிதான். பாலாற்றங்கரையில் சீமைக் கருவேல முள்ளுக்கு நடுவே சைக்கிள் ஓட்டும் வேலூர்க்காரர்களுக்கு இது பெரிய நிம்மதி.

புதிதாக மாட்டியதும் காற்று இறங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது ரிம் டேப்பை. ஸ்போக்ஸ் துளைகளை மூடும் அந்த டேப்பில் ஒரு சின்னச் சுருக்கம் இருந்தாலே போதும். சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள். வால்வு அடியில் குமிழி வந்தால் நட்டைக் கையாலேயே இறுக்கலாம். ஸ்போக்ஸ் முனையில் வந்தால், டேப்பை உரித்து, ரிம்மை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, புது டேப்பை இழுத்து ஒட்டுவதுதான் வழி. டயர் ஓரத்தில் வந்தால் அது இன்னும் சரியாக உட்காரவில்லை; சாதாரணக் கைப்பம்பு பெரும்பாலும் போதாது. கம்ப்ரஸரில் வேகமாக அடித்தால் 'டப் டப்' என்று ஏறிவிடும். டயரில் அச்சிட்டிருக்கும் காற்றழுத்த அளவை மட்டும் தாண்டாதீர்கள்.

அப்புறம், சீலன்ட் காய்ந்துபோகும். நம்மூர் மே மாத வெயிலில் இன்னும் சீக்கிரம். 2 மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்றுங்கள்.

டியூப்லெஸ் போட்டால் பஞ்சரே ஆகாது என்று பலர் நம்புகிறார்கள். சின்ன ஓட்டைதான் தானாக மூடும், கண்ணாடிச் சில்லு கிழித்தால் ஓட்டையில் செருகி அடைக்கும் பிளக்கோ மாற்று டியூபோ வேண்டும்.